'இட் என்ட்ஸ் வித் அஸ்' முடித்து மனசு கனத்தவருக்கு

அடுத்து எமிலி ஹென்றியின் 'பீச் ரீட்' (2020) எடுங்கள். ‘இட் என்ட்ஸ் வித் அஸ்’ நாவலைக் காதல் கதை என்று நம்பிப் படித்து நீங்கள் அழுதுவிட்டதாகவும், நல்லபடியாக முடியும் ஒன்று வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்களே, அதற்கு இது சரியாக இருக்கும். மிச்சிகன் ஏரிக்கரையில் அடுத்தடுத்த வீடுகளில் இரண்டு எழுத்தாளர்கள். ஜனவரி காதல் நாவல் எழுதுபவள், கஸ் கனமான இலக்கியம் எழுதுபவன். இவள் பாணியில் அவனும் அவன் பாணியில் இவளும் ஒரு நாவல் எழுதுவதென்று பந்தயம். சமையலறை ஜன்னல் வழியே காகிதத்தில் எழுதிக் காட்டிப் பேசிக்கொள்வார்கள். அந்த இடங்கள் அவ்வளவு அழகு.

கொலீன் ஹூவரின் 'இட் என்ட்ஸ் வித் அஸ்' காதல் வரிசையில் விற்றாலும், அதன் மையம் கணவனின் அடியும் நாயகி லில்லி எடுக்கும் முடிவும்தான். நீங்கள் எதிர்பார்த்தது வேறு, அதனால்தான் அந்த அதிர்ச்சி.

இனி வாங்குமுன் பின்னட்டையைப் பாருங்கள். இருவரைப் பற்றியும் பேசினால் பெரும்பாலும் காதல் நாவல், சேர்ந்துவிடுவார்கள். ஒருத்தியின் நெருக்கடி மட்டும் என்றால் நல்ல முடிவுக்கு உத்தரவாதம் இல்லை.

ஒன்று: 'பீச் ரீட்'டில் ஜனவரியின் அப்பா இறந்த துக்கமும் அவர் மறைத்த உறவும் நிறைய வரும். அண்மையில் அப்பாவை இழந்திருந்தால் இப்போதைக்குத் தள்ளிவையுங்கள்.