கோகோபீட் பையில் ஈரம் இருந்தும் செடி வாடுகிறதே, தண்ணீரை இன்னும் கூட்ட வேண்டுமா?

கேள்வியின் சாரம் இது: 10 லிட்டர் பைகளில் கோகோபீட்டும் (தேங்காய் நார்த் தூள்) பெர்லைட்டும் (பொரித்த எரிமலைப் பாறைத் துகள்) கலந்து தக்காளி நட்டிருக்கிறீர்கள். டைமர் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவு பகல் பார்க்காமல் ஊட்டக் கரைசலை விடுகிறது. கையை விட்டுப் பார்த்தால் ஊடகம், அதாவது வேர் வளரும் அந்தக் கலவை, சொதசொதவென்று இருக்கிறது. ஆனால் உச்சி வெயிலில் செடி தலையைத் தொங்கப் போடுகிறது, வேர் பழுப்பாகி வருகிறது.

கூட்டாதீர்கள். இன்று மாலையே டைமரில் இரவுச் சுற்றுகளை எடுத்துவிடுங்கள், மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

உங்கள் செடிக்குத் தண்ணீர் போதாமல் இல்லை, காற்றுதான் போதவில்லை. வேர் தண்ணீரை உறிஞ்சச் சக்தி வேண்டும், அந்தச் சக்திக்கு ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜன் குறைந்தால் வேரின் செல்களில் தண்ணீர் நுழையும் வழிகளே அடைபடத் தொடங்கும். அதனால்தான் தண்ணீருக்குள் நின்றுகொண்டே செடி வாடுகிறது. ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் ஆக்சிஜன் உண்டு. 25 டிகிரியில் நன்றாகக் காற்றேற்றிய ஒரு லிட்டர் தண்ணீரில்கூட 8 மில்லிகிராம் சொச்சம்தான் கரையும். போதாததற்கு, ஆக்சிஜன் காற்றில் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால் தண்ணீரில் பரவும் வேகம் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. துளைகளில் தண்ணீர் நிரம்பி நின்றால் வேர் தன்னைச் சுற்றியிருக்கும் கொஞ்ச ஆக்சிஜனைச் சீக்கிரமே தீர்த்துவிடும். புதிதாக வந்து சேர வழியிருக்காது.

வெயில் இதை இன்னும் மோசமாக்கும். கறுப்புப் பை வெயிலில் நின்றால் உள்ளே 30 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். 20 டிகிரித் தண்ணீரில் 9 மில்லிகிராம் கரையும் ஆக்சிஜன், 30 டிகிரியில் 7.5 ஆகிவிடும். அதே 10 டிகிரி உயர்வில் வேரின் சுவாசமோ ஏறக்குறைய இரு மடங்காகும். பித்தியம் என்ற வேரழுகல் கிருமிக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. பையின் வெளிப்பக்கம் வெள்ளையாக இருக்கட்டும், கரைசல் தொட்டி நிழலில் இருக்கட்டும். வெயிலில் கிடக்கும் சொட்டுக் குழாய்களையும் மூடிவையுங்கள். பலர் தொட்டியின் வெப்பத்தை அளந்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். மதியச் சுற்றில் முதலில் வருவது குழாயில் தேங்கிக் கொதித்த தண்ணீர்.

பழுப்பெல்லாம் அழுகல் என்று முடிவுகட்ட வேண்டாம். கோகோபீட்டின் சாயம் ஏறினாலும் வேர் தேநீர் நிறத்துக்கு வரும். ஒரு வேரை இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். சாயம் மட்டும் என்றால் வேர் விறைப்பாக இருக்கும், ஒடித்தால் உள்ளே வெண்மை தெரியும். அழுகல் என்றால் மேல் தோல் உறைபோல் கழன்று விரலோடு வந்துவிடும், நடுவில் நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் மிஞ்சும். முகர்ந்தும் பாருங்கள். நல்ல வேரில் மழை பெய்த மண் வாசம் இருக்கும், கெட்ட வேரில் சாக்கடை நாற்றம்.

அடுத்து, உங்கள் பையில் உண்மையில் எவ்வளவு காற்று இருக்கிறது என்று அளந்துவிடுங்கள். செடி இல்லாத ஒரு பையில் அதே கலவையை அதே உயரத்துக்கு நிரப்பி, துளைகளை டேப்பால் அடைத்து, மேற்பரப்பில் தண்ணீர் பளபளக்கும்வரை மெதுவாக ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் ஊறட்டும். பிறகு டேப்பைப் பிரித்து, வடிகிற தண்ணீரை ஒரு தட்டில் பிடித்து அளந்து பாருங்கள். 10 லிட்டரில் 2 முதல் 3 லிட்டர் வடிந்தால் காற்றிடம், அதாவது காற்று நிற்கும் இடைவெளி, 20 முதல் 30 சதவீதம், நல்ல கலவை. ஒரு லிட்டருக்கும் குறைவாக வடிந்தால் டைமரை எப்படி மாற்றினாலும் தீராது. தூள் சலித்த கரடான பெர்லைட்டோ தேங்காய் மட்டைத் துண்டுகளோ 30 சதவீதம்வரை சேர்க்க வேண்டும்.

இந்த அளவு பாத்திரத்தின் உயரத்தைப் பொறுத்து மாறும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு ஸ்பாஞ்சை நனைத்துப் படுக்கைவாக்கில் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் அப்படியே செங்குத்தாகத் திருப்பினால் மறுபடி கொட்டும். ஊடகத்தின் அடியில் எப்போதும் வடியாத ஒரு நீர்ப்படலம் நிற்கும். அதன் உயரத்தைத் தீர்மானிப்பது துகளின் அளவு, பையின் அகலம் அல்ல. ஆகவே அதே கலவை, 30 சென்டிமீட்டர் உயரப் பையில் நன்றாக இருந்து, 10 சென்டிமீட்டர் தட்டில் செடியை மூழ்கடிக்கும். அடியில் ஜல்லி போட்டால் வடியும் என்ற நம்பிக்கையும் இங்கேதான் அடிபடுகிறது. நுண்ணிய துகளிலிருந்து பெரிய இடைவெளிக்குள் தண்ணீர் எளிதில் இறங்காது. ஜல்லியின் மேல் அந்த ஈரப்படலம் ஏறி உட்கார்ந்துகொள்ளும், வேருக்கான இடம்தான் குறையும். வடிதுளை பையின் அடிமட்டத்தில் இருக்க வேண்டும், 3 சென்டிமீட்டர் மேலே அல்ல.

இப்போது எத்தனை முறை என்ற கேள்விக்கு வரலாம். ஒரு சுற்றுக்குப் பையின் கொள்ளளவில் 3 சதவீதம், அதாவது உங்கள் பைக்கு 300 மி.லி. மணிக்கு 2 லிட்டர் விடும் டிரிப்பர் (சொட்டுக் குழாயின் முனை) என்றால் 9 நிமிடம். விடிந்து ஒன்றரை மணி நேரம் கழித்து முதல் சுற்று, பொழுது சாய்வதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் கடைசிச் சுற்று. நன்றாக வளர்ந்து காய்க்கும் தக்காளிக்குச் சாதாரண நாளில் மொத்தம் 6 முதல் 8 சுற்று வரும். சுள்ளென்ற வெயிலில் 45 நிமிட இடைவெளி, மேகமூட்டமான நாளில் 2 மணி நேரம். இப்படி விட்டு விட்டுக் கொடுத்தால், ஒவ்வொரு முறை தண்ணீர் வடியும்போதும் அதன் பின்னாலேயே புதுக் காற்று உள்ளே இழுக்கப்படும். நட்ட முதல் சில நாட்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. குட்டி வேருக்கு ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு முறை, தண்டுக்கு அருகில் கொஞ்சம் கொடுத்தால் போதும். அப்போதே வெள்ளம் காட்டினால் வேர் தேடிப் போகவே போகாது.

சுற்றின் எண்ணிக்கையைத் திருத்த இரண்டு அளவுகள் போதும். ஒரு மாதிரிப் பையின் கீழே தட்டு வையுங்கள், பக்கத்து டிரிப்பரை ஒரு பாட்டிலுக்குள் விடுங்கள். நாள் முழுக்கப் பாட்டிலில் 2 லிட்டர் சேர்ந்தால் தட்டில் 300 முதல் 500 மி.லி. வடிந்திருக்க வேண்டும். காலை முதல் சுற்றிலேயே வடிநீர் வந்தால் பை இரவில் காயவே இல்லை என்று பொருள். மூன்றாவது, நான்காவது சுற்றில் வருவதுதான் சரி. இரண்டாவது அளவு எடை. கடைசிச் சுற்று வடிந்ததும் பையை எடை போட்டு, மறுநாள் முதல் சுற்றுக்கு முன் மறுபடி போடுங்கள். அரை கிலோவிலிருந்து ஒரு கிலோவரை குறைந்திருந்தால் நல்லது. 300 கிராமுக்குக் கீழே என்றால் மாலைச் சுற்றை இன்னும் முன்னால் தள்ளுங்கள். ஈரமானி வாங்குவதைவிட ஒரு தராசு வாங்குவது எவ்வளவோ மேல். மலிவான ஈரமானிகள் உப்பையும் ஈரத்தையும் பிரித்துக் காட்டாது.

உப்பும் வாட்டத்துக்கு ஒரு காரணம் என்பதால் வடிநீரின் இ.சி.யை (கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறன், mS/cm) வாரம் இரண்டு முறையாவது பாருங்கள். உள்ளே 2.2 போனால் வெளியே 2.7, 3.2 என்று வருவது இயல்பு. 4 என்று வந்தால் வேரைச் சுற்றி உப்பு குவிந்திருக்கிறது, தண்ணீரை உறிஞ்ச வேர் போராடும். அப்போது வெறும் தண்ணீரை ஊற்றிக் கழுவாதீர்கள், கோகோபீட் பிடித்துவைத்திருக்கும் சத்துகளின் சமநிலை கலையும். பாதிச் செறிவுள்ள கரைசலை, வடிநீர் 2.5 அளவுக்கு வரும்வரை காலையில் விடுங்கள். பி.எச். (அமில-காரத் தன்மையின் அளவு) 5.5க்கும் 6.5க்கும் இடையில் இருந்தால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். சில செடிகள் மட்டும் வாடினால் இதையெல்லாம் விட்டுவிட்டு முதலில் டிரிப்பர் அடைப்பைப் பாருங்கள்.

கோகோபீட்டை நடுவதற்கு முன் கழுவினீர்களா என்று கேள்வியில் இல்லை. வடியும் தண்ணீரின் இ.சி. 0.5க்குக் கீழே வரும்வரை கழுவி, லிட்டருக்கு 2 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்த தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து வடிக்க வேண்டும். இல்லாவிட்டால் அது தன்னிடம் உள்ள சோடியம், பொட்டாசியத்தைக் கொடுத்துவிட்டுச் செடிக்குப் போக வேண்டிய கால்சியத்தை எடுத்துக்கொள்ளும். இளம் வேர் நுனி பலவீனமாகும், காயின் அடி கறுக்கும்.

சுட்ட களிமண் உருண்டையில் வளர்ப்பவர்கள் இந்த நேரக் கணக்கை அப்படியே எடுக்கக் கூடாது. அங்கே காற்று தாராளம், தண்ணீர்தான் நிற்காது. பகலில் 2, 3 மணி நேரத்துக்கு ஒருமுறை நிரப்பி வடிக்க வேண்டும், மின்சாரம் போனால் அவசரம். ராக்வூல் (பாறையை உருக்கி இழைத்த பஞ்சு) என்றால் பி.எச். 5.5 தண்ணீரில் ஊறவைத்த பிறகே பயன்படுத்துங்கள், ஒருபோதும் பிழியாதீர்கள். பிழிந்தால் இழைகள் அமுங்கி, காற்றிடம் போய்விடும்.

ஏற்கெனவே வாடிய செடிகளுக்கு: 2 நாள் நிழல்வலை, சுற்றுகளைப் பாதியாகக் குறைப்பது, சுமையைக் குறைக்கக் கொஞ்சம் காய்களைக் கிள்ளிவிடுவது. புது வெள்ளை நுனிகள் ஒரு வாரத்தில் பையின் ஓரமாகத் தெரிய வேண்டும். ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றச் சொல்லி நிறையப் பேர் வருவார்கள். அது சில மணி நேரத்தில் சிதைந்துவிடும், நல்ல நுண்ணுயிரிகளையும் சேர்த்துக் கொல்லும். நன்மை செய்யும் பூஞ்சையான டிரைக்கோடெர்மா, பாக்டீரியாவான பேசில்லஸ் விட்டிருந்தால் அந்தக் காசும் வீண். அந்த இரண்டும்கூட வராமல் காக்கத்தான் உதவும், அழுகிய வேரை மீட்காது. பாதிக்கு மேல் தோல் கழன்ற வேர் உள்ள செடியைப் பையோடு அப்புறப்படுத்துங்கள். அந்தப் பையின் வடிநீர் மற்றப் பைகளுக்கோ தொட்டிக்கோ திரும்பப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பித்தியத்தின் நீந்தும் வித்துகள் தண்ணீர் வழியாகத்தான் அடுத்த செடிக்குப் போகும்.