சிசிடிவி திட்டமிடல்: வேலூர் வட்டாரத்திலிருந்து கேள்விகள்

காட்பாடி காந்தி நகரிலிருந்து: அண்ணா, தனி வீடு. ஒருத்தர் 4 கேமரா போதும் என்கிறார், இன்னொருத்தர் 8 என்கிறார். எது சரி?

எண்ணிக்கையை அப்புறம் பார்க்கலாம். வீட்டைத் தாளில் வரைந்து கேட், வாசல், பின்கதவு, மாடிப்படி எல்லாம் குறியுங்கள். எங்கே ஆள் நடமாட்டம் தெரிந்தால் போதும், எங்கே முகமே அடையாளம் தெரிய வேண்டும் என்று பக்கத்தில் எழுதுங்கள். முன்பின் தெரியாதவர் முகத்தை அடையாளம் காண, படத்தில் காட்சியின் ஒவ்வொரு மீட்டர் அகலத்துக்கும் 250 பிக்சல் (படப்புள்ளி) வேண்டும். 4 மெகாபிக்சல் கேமராவில் 2.8 எம்எம் லென்ஸ் (எண் சிறிதானால் பார்வை அகலம், ஆனால் தூரத்து ஆள் சிறிதாகத் தெரிவார்) அதை ஏறக்குறைய 4 மீட்டர் வரைதான் தரும். 4 எம்எம் என்றால் 6 மீட்டருக்குள், 6 எம்எம் என்றால் சுமார் 10 மீட்டர். எல்லா மூலையிலும் 2.8 மாட்டிவிட்டுப் போவதால்தான் திருடன் வந்தது தெரிகிறது, யாரென்று தெரிவதில்லை. வாசல் கேமராவை எட்டடி உயரத்துக்கு மேல் ஏற்றாதீர்கள், உச்சந்தலைதான் பதிவாகும். இப்படிக் குறித்தால் பெரும்பாலான வீடுகளுக்கு 5 அல்லது 6 வரும்.

குடியாத்தம், மளிகைக் கடை: 8 கேமராவுக்கு 4 டிபி ஹார்டு டிஸ்க் ஒரு மாதம் தாங்குமா சார்?

தாங்காது. 2 எம்பிபிஎஸ் (நொடிக்கு 2 மெகாபிட்) வேகத்தில் ஒரு கேமரா நாளுக்கு 21.6 ஜிபி எழுதும். எட்டுக்கும் சேர்த்து 173 ஜிபி, ஆக 23 நாள். மாதம் முழுக்க வேண்டுமென்றால் 6 டிபி போடுங்கள், கண்காணிப்புக்கென்றே வரும் டிஸ்க்காக.

ராணிப்பேட்டை, டேனரி (தோல் பதனிடும் ஆலை): ஆறு மாதத்துக்கு ஒருமுறை கனெக்டர் கறுத்துப்போய் கேமரா நின்றுவிடுகிறது.

தோலிலிருந்து முடி நீக்கும் சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம்தானே? அங்கே போடும் சோடியம் சல்பைடிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடு செம்பை அரிக்கும். கேமராவிலிருந்து தொங்கும் சிறு கேபிளின் முனையில் உள்ள இணைப்பை வெளியே தொங்க விடாமல் தூசியும் தண்ணீரும் புகாத ஐபி67 பெட்டிக்குள் வைத்து, கேபிள் நுழையும் துளைக்கு கிளாண்ட் (கேபிளைச் சுற்றி இறுக்கும் அடைப்பான்) போட்டு இறுக்குங்கள். ஒரே கேபிளில் மின்சாரமும் டேட்டாவும் அனுப்பும் பிஓஇ சுவிட்சை ஆபீஸ் அறைக்கு மாற்றுங்கள். கேபிள் நீளம் 100 மீட்டரைத் தாண்டினால் ஃபைபர் (கண்ணாடி இழை) கேபிள் இழுங்கள். கேட்6 நெட்வொர்க் கேபிள் வாங்கும்போது முழுச் செம்பா என்று சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் செம்பு பூசிய அலுமினியம். அதில் நீளம் கூடக்கூட மின்னழுத்தம் இறங்கி, ராத்திரி ஐஆர் (இருட்டில் படமெடுக்க உதவும் அகச்சிவப்பு) விளக்கு எரியும் நேரத்தில் கேமரா அணைந்து அணைந்து வரும்.

சத்துவாச்சாரி: ராத்திரியில் படம் வெண்புகையாக இருக்கிறதே?

சிலந்தி வலை, அல்லது பக்கத்துச் சுவரில் பட்டுத் திரும்பும் ஐஆர். கண்ணாடியைத் துடைத்து, சுவர் படத்தில் விழாதபடி கேமராவைத் திருப்புங்கள்.