மறுமொழி: ஊரில் வீடு, பிரான்சில் வாழ்வு – போர்த்துக்கீசியர் ஏன் திரும்பவில்லை?

வணக்கம். 1960களில் பிரான்சுக்குச் சென்ற போர்த்துக்கீசியர் பலர், சொந்த ஊரில் வீடு கட்டியிருந்தும், போர்த்துகலின் சர்வாதிகார ஆட்சியை வீழ்த்திய 1974 புரட்சிக்குப் பின் ஏன் திரும்பவில்லை என்று உங்கள் முதுகலைக் கட்டுரைக்காகக் கேட்டிருந்தீர்கள்.

சர்வாதிகாரம் வீழ்ந்ததும் எல்லாத் தடையும் நீங்கிவிட்டதாகக் கொள்வதில்தான் சிக்கல் இருக்கிறது. ஆப்பிரிக்கக் காலனிப் போர்களுக்கான கட்டாய இராணுவச் சேவைக்கு அஞ்சி எல்லை தாண்டிய இளைஞர்களுக்கு அது பொருந்தும். வறுமையால் புறப்பட்ட வடபகுதிக் கிராமத்தவருக்கோ, ஊரில் வேலையும் கூலியும் உடனே மாறிவிடவில்லை. அதே 1974இல் பிரான்ஸ் புதிய தொழிலாளர் குடியேற்றத்தை நிறுத்தியதால், வெளியேறினால் மீண்டும் நுழைய முடியாதோ என்ற அச்சமும், பிரெஞ்சுப் பள்ளியில் வளர்ந்துவிட்ட பிள்ளைகளும் அவர்களைப் பிடித்து நிறுத்தின. என் கணிப்பில் பிள்ளைகளே வலுவான காரணம்.

ஓய்வுபெற்றோர் பிரெஞ்சு ஓய்வூதியத்தைப் போர்த்துகலில் இருந்தபடியே பெறலாம்; இருந்தும் பேரப்பிள்ளைகளையும் பழகிய மருத்துவரையும் விட மனமின்றி, ஆண்டில் சில மாதங்கள் இங்கும் சில மாதங்கள் அங்குமாக வாழ்வோர் பலர். ஆகஸ்ட் விடுமுறையில் மட்டும் திறக்கப்படும் அந்த ஊர் வீடுகளை (ஊரார் கேலி செய்தாலும்) தோல்வியின் சின்னமாகப் படிக்காதீர்கள். தங்கியோர், திரும்பியோர் என்ற இரு பிரிவுகளோடு, இவ்வாறு போய்வருவோரையும் தனிப் பிரிவாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.