நேர்கோடு எக்ஸ், வை அச்சுகளை வெட்டும் இடங்களை, அதாவது வெட்டுத்துண்டுகளைக் காண, சமன்பாட்டை வை = எம்எக்ஸ் + சி ஆக மாற்றியே ஆக வேண்டுமா?

தேவையில்லை. உங்கள் கணக்கு ஆசிரியர், அதாவது சேர், மாற்றத்தான் வேண்டும் என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள், ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) எடுக்கப்போகிற பிள்ளையாக்கும் என்று நினைத்துச் சொல்கிறேன். நீங்கள் தந்த 3எக்ஸ் + 4வை = 24 ஐயே எடுங்கள். வை = 0 என்று போட்டால் 3எக்ஸ் = 24, எக்ஸ் = 8. எக்ஸ் = 0 என்று போட்டால் 4வை = 24, வை = 6. கோடு எக்ஸ் அச்சை (8, 0) இலும் வை அச்சை (0, 6) இலும் வெட்டும். அடிமட்டத்தை வைத்து இரண்டையும் இணைத்தால் வரைபும் முடிந்தது.

பிள்ளைகள் இடறுகிற இடம் ஒன்று உண்டு. எக்ஸ் வெட்டுத்துண்டைக் கேட்டவுடன் எக்ஸுக்கே பூச்சியம் போட்டுவிடுவார்கள். எக்ஸ் அச்சில் எந்தப் புள்ளியைத் தொட்டாலும் அது மேலேயும் இல்லை கீழேயும் இல்லை, அதனால் அங்கே வைதான் பூச்சியம். இது விளங்கினால் பாடமாக்கத் தேவையில்லை.

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எனக்குப் பழைய கோபம் வந்துவிட்டது. கல்லடியில் இருக்கிற அக்காவின் மகன் தவணைப் பரீட்சையில் இதே மாதிரிக் கணக்கை இரண்டு வரியில் செய்து சரியான விடை எழுதியிருந்தான், அதற்குக் குறுக்கே சிவப்புப் பேனையால் ஒரு கோடு, பக்கத்தில் "எம், சி எங்கே?" பெடியன் விடைத்தாளைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டுவிட்டுப் பேசாமல் நின்றான். நான் போய்க் கேட்டேன். "வகுப்பில படிப்பிச்ச முறையில செய்யணும் தானே" என்றார் சேர். கேள்வியில் அப்படி ஒரு சொல்லும் இல்லை! மாற்றினால் வை = −3/4 எக்ஸ் + 6 வரும், 6 என்ற வை வெட்டுத்துண்டு உடனே தெரியும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எக்ஸுக்கு 6 ஐ 3/4 ஆல் வகுக்க வேண்டும், கல்குலேட்டரும் இல்லாத பரீட்சையில் அந்தப் பின்னத்தில்தான் பாதிப் பேர் விழுகிறார்கள். படித்திறனை, அதாவது கோட்டின் சாய்வைக் காட்டும் எம்மைக் கேட்டால், அல்லது அந்த வடிவில் தரச் சொன்னால் மாற்றுங்கள், அதற்கு நான் எதிரி இல்லை. ஆசிரியர்மாரைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம், எங்கள் வீட்டிலும் ஆசிரியர்மார் இருக்கிறார்கள்.

   

உங்கள் கணக்குக்கு வருகிறேன். கழித்தல் குறி வந்தால் கவனம்: 2எக்ஸ் − 5வை = 10 இல் எக்ஸ் 5, வை −2, அந்தக் குறியை விட்டால் கோடு வேறு பக்கம் சாய்ந்துவிடும். வை = 5 என்ற கோடு எக்ஸ் அச்சுக்குச் சமாந்தரம், அதை வெட்டவே வெட்டாது, அங்கே எக்ஸ் வெட்டுத்துண்டு தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். வை = 2எக்ஸ் போன்றவை உற்பத்திப் புள்ளியான (0, 0) ஊடாகப் போவதால் இரண்டு வெட்டுத்துண்டும் பூச்சியம்தான், ஒரே புள்ளியை வைத்துக் கோடு கீற முடியாது, எக்ஸ் = 1 போட்டு (1, 2) ஐயும் எடுத்துக்கொள்ளுங்கள்.