மத்தீஸ் தன் மனைவியின் முகத்தில் ஏன் பச்சைக் கோடு போட்டார்?

பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் தன் மனைவி அமெலியை வரைந்த படத்தில், முகத்தின் நடுவே பச்சையைப் பூசியது வேண்டுமென்றே கெடுத்த மாதிரி இருக்கிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். கெடுக்கவில்லை, அந்தக் கோடுதான் முகத்தையே தாங்கி நிற்கிறது. கிட்டப் போய்ப் பாருங்கள்: நெற்றியிலிருந்து மூக்கு வழியாக இறங்கும் பச்சைக்கு ஒரு பக்கம் கன்னம் மஞ்சளாகவும் மறுபக்கம் இளஞ்சிவப்பாகவும் இருக்கிறது, அதாவது வெளிச்சமும் நிழலும் பிரியும் இடத்தில், வழக்கமாகப் பழுப்பைக் குழைத்து மெல்ல மங்கவைப்பார்களே, அங்கே அவர் ஒரே நிறத்தைத் துணிந்து வைத்துவிட்டார்.

இது ஒரே நாளில் வந்த துணிச்சல் இல்லை. மத்தீஸ் முதலில் சட்டம் படித்தவர். இருபது வயதில் நோயில் படுத்திருந்தபோது அம்மா வாங்கிக் கொடுத்த வண்ணப்பெட்டியில்தான் எல்லாம் தொடங்கியது. அப்புறம் ஓவியர் குஸ்தாவ் மொரோவிடம் பயிற்சி, பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் பழைய ஓவியங்களைப் பார்த்து வரைதல், 1904-ல் ஓவியர் சிஞ்ஞாக்கோடு சேர்ந்து புள்ளிப் புள்ளியாக வண்ணம் வைக்கும் முறை. 1905 கோடையில் கொலியூர் என்ற பிரெஞ்சுக் கடலோர ஊரில் சக ஓவியர் தெரானோடு வேலை செய்தபோது புள்ளிகள் விரிந்து பட்டைகளாகிவிட்டன. அந்த ஆண்டே அமெலியின் இந்தப் படம். வெறும் 40 சென்டிமீட்டர் உயரம்தான், இப்போது கோபன்ஹேகனில் உள்ள டென்மார்க் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. எனக்கு அதில் மிகவும் பிடித்தது அமெலியின் பார்வை; அத்தனை நிறங்களுக்கு நடுவிலும் அசையாமல் நிற்கிறது.