கேள்வி–பதில்: நம்பிக்கை இருந்தும் நெஞ்சு ஏன் பதறுகிறது?

கேள்வி: எங்களுக்கு 3 ஏக்கர் மாந்தோப்பு இருக்கிறது. இந்த ஆண்டு காய்க்குக் கிடைத்த விலை, பறிப்புக் கூலிக்கும் வண்டி வாடகைக்குமே சரியாகப் போய்விட்டது. மகன் ஓசூரில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கிறான். அந்த வேலை எத்தனை மாதத்துக்கு என்று தெரியாது. என் கணவருக்குத் தெரியாமல் வட்டிக்கு வாங்கிய கடன் ஒன்றும் இருக்கிறது. ஞாயிறு திருப்பலியில் மனம் நிறையப் பாடுகிறேன். வீடு திரும்பியதும் நெஞ்சு படபடக்கிறது, இரவில் தூக்கம் வருவதில்லை. அன்பியக் கூட்டத்தில் (பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் குழுவில்) சொன்னபோது, "உனக்கு விசுவாசம் போதவில்லை" என்றார்கள். கிறிஸ்து தரும் அமைதியும் மகிழ்ச்சியும் எனக்கு மட்டும் ஏன் வாய்க்கவில்லை?
– வாசகி, பர்கூர் வட்டாரம்

பதில்: அன்புச் சகோதரி, உங்களிடம் அப்படிச் சொன்னவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார்கள், ஆனால் நற்செய்தியில் அந்தத் தீர்ப்புக்கு இடமில்லை. தம் அமைதியைச் சீடர்களுக்கு அளிப்பதாக இயேசு கூறியது, யோவான் நற்செய்தியின்படி, அவர் பிடிபடுவதற்குச் சற்று முன்பு, கடைசி இரவுணவின்போது. அதே இரவில் கெத்சமனியில் அவர் சாவு வருமளவுக்குத் துயருற்றார் என்று மத்தேயு எழுதுகிறார். பேதுருவையும் செபதேயுவின் மக்கள் இருவரையும் தம்மோடு விழித்திருக்கும்படி கேட்டுக்கொண்டு, ஒரே வேண்டுதலை மூன்று முறை சொல்லி மன்றாடினார். அமைதியை அளித்தவரே அன்றிரவு கலங்கினார். எனவே, கலங்குவதாலும் ஒரே மன்றாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்வதாலும் உங்கள் விசுவாசம் குறைந்துவிட்டதாக எண்ண வேண்டாம்.

எதைப் பற்றியும் கவலைப்பட வேண்டாம் என்று புனித பவுல் பிலிப்பி நகரக் கிறிஸ்தவர்களுக்கு எழுதிய வரி உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். அந்த வரியைக் காட்டித்தான் பெரும்பாலும் பிறரைக் குற்றப்படுத்துகிறோம். அந்தத் திருமுகம், அதாவது கடிதம், நான்கே அதிகாரங்கள் கொண்டது. ஒரே மூச்சில் படித்துப் பாருங்கள். சிறையில் விலங்கிடப்பட்டு, வாழ்வா சாவா என்று தெரியாத நிலையில் எழுதுகிறார் பவுல். தம் உடனுழைப்பாளர் எப்பப்பிராதித்து சாகும் தறுவாய்வரை நோயுற்றதையும், அவர் பிழைத்திராவிட்டால் துயரத்தின்மேல் துயரம் வந்திருக்கும் என்பதையும் இரண்டாம் அதிகாரத்தில் மறைக்காமல் சொல்கிறார். இறுதியில், பிலிப்பியர் அனுப்பிய பொருளுதவியைப் பெற்றுக்கொண்டதற்கு நன்றி கூறுகிறார். ஆக, மகிழ்ச்சியைப் பற்றி இவ்வளவு பேசும் இந்தத் திருமுகம், இக்கட்டில் பிறரிடம் உதவி பெற்றவர் எழுதிய நன்றிக் கடிதமும்கூட. அந்த மக்களையே தம் மகிழ்ச்சி என்று அவர் அழைப்பதைக் கவனியுங்கள். சிறைக்கதவு திறக்கும்வரை அவர் மகிழ்ச்சியைத் தள்ளிப்போடவில்லை.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது மாங்காய் விலை அன்று, கணவருக்குத் தெரியாத கடன். விலை உங்கள் கையில் இல்லை, இது இருக்கிறது. மாலைச் செபத்தின்போது "எங்கள் கவலைகளை ஏற்றுக்கொள்ளும்" என்று பொதுவாகச் சொல்லாமல், எவ்வளவு தொகை, எந்தத் தேதிக்குள் வட்டி, யாரிடம் வாங்கியது என்று இறைவனிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். அவரிடம் வாய்விட்டுச் சொன்ன பிறகு, அதே சொற்களில் கணவரிடமும் சொல்வது சற்று எளிதாகும். அவர் கோபப்படலாம், அந்தக் கோபம் சில நாளில் தணியக்கூடும், ஒளித்து வைத்த கடனோ வட்டியோடு வளரும். பிறகு இருவருமாகச் சேர்ந்து, வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ குறைந்த வட்டிக்கு மாற்றிக்கொள்ள வழியுண்டா என்று கேட்கலாம்.

தூக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதலாம் அரசர் நூலின் 19ஆம் அதிகாரத்தில், அரசி ஈசபேலுக்கு அஞ்சி ஓடிய இறைவாக்கினர் எலியா, சூரைச்செடியின் அடியில் அமர்ந்து, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார். வந்த வானதூதர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை; சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுக்கிறார். எலியா உண்டு, மீண்டும் படுத்துவிடுகிறார். தூதர் இரண்டாம் முறையும் எழுப்பி உண்ணச் சொல்கிறார். கடவுள் அவரோடு பேசியது அதற்கெல்லாம் பிறகு, ஓரேபு மலையில். ஆகவே வாரக்கணக்கில் தூக்கமில்லை என்றால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் செல்லுங்கள். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணிலும் தமிழில் பேசலாம். ஒப்புரவு அருட்சாதனம் (பாவசங்கீர்த்தனம்) பாவங்களுக்கானது, தூக்கமின்மை பாவமன்று.

கேள்வி: அன்பியக் கூட்டத்தில் ஒருவர் இப்படி மனம் திறந்தால் மற்றவர்கள் என்ன பதில் சொல்வது?
– வாசகர், பாலக்கோடு

பதில்: உடனே ஒன்றும் சொல்லாதிருப்பது நல்லது. விவிலியத்தில், பெருந்துன்பத்தில் வீழ்ந்த யோபுவின் நண்பர்கள் 7 பகலும் 7 இரவும் அவரோடு தரையில் பேசாமல் அமர்ந்திருந்தார்கள். விளக்கம் சொல்லத் தொடங்கியபோதுதான் கெட்டது, இறுதியில் கடவுளே அவர்கள்மேல் சினம் கொண்டார். தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்டங்களையும் உள்ளடக்கிய நம் மறைமாவட்டத்தில், மழையையும் மாங்கூழ் ஆலைகள் தரும் விலையையும் நம்பியிருக்கும் குடும்பங்கள் பல. அப்படி ஒருவர் பேசினால் குறுக்கிடாமல் கேளுங்கள். சொன்னது அந்த வீட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வங்கிக்குத் தனியாகப் போகத் தயங்கினால் ஒருவர் துணைக்குச் செல்லுங்கள். திருவசனத்தை அதற்குப் பிறகு வாசிக்கலாம்.