கரகரக்கும் வால்யூம், இறுகிய குமிழ்: எல்லையோர வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

கே: 80-களில் வாங்கிய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர். சாரல் தொடங்கிவிட்டால் வால்யூமைத் திருப்பும்போதெல்லாம் கரகரவென்கிறது. வலது ஸ்பீக்கர் வருவதும் போவதுமாக இருக்கிறது. ஸ்பிரே அடித்தால் போதுமா? (புளியரை)

ப: இரண்டும் ஒரே கோளாறு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முதலில், டேப் ரெக்கார்டர் ஒலிக்கு மாற்றும் டேப் மானிட்டர் பட்டனைப் பத்துப் பதினைந்து முறை அழுத்தி விடுங்கள். வலது பக்கம் திரும்பி வந்தால் கோளாறு அந்தச் சுவிட்சில். வருஷக்கணக்கில் யாரும் தொடாத சுவிட்சின் தொடுமுனை ஈரக்காற்றில் கறுத்துவிடும். தினமும் திருப்பும் வால்யூமைவிட பேலன்ஸ், டேப் மானிட்டர் போன்றவை சீக்கிரம் மக்கர் செய்வது இதனால்தான்.

இனி வால்யூம். பிளக்கைப் பிடுங்கிக் கால் மணி நேரம் விடுங்கள். மூடியைத் திறந்ததும் பெரிய கண்டன்சர்களில் மிச்ச வோல்ட் இருக்கிறதா என்று மீட்டரில் பாருங்கள். குமிழுக்குப் பின்னால் இருக்கும் வால்யூம் கண்ட்ரோலைத்தான் ‘பாட்’ என்போம். அந்தப் பாட்டின் மூன்று கால்கள் வெளியே வரும் இடத்தில், தகர மூடிக்கும் பழுப்பு அட்டைக்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி தெரியும். ஸ்பிரே குழாயின் முனை அங்கேதான் போக வேண்டும், தண்டு வழியாகப் போகக் கூடாது. தண்டைச் சுற்றியுள்ள கெட்டி கிரீஸ்தான் குமிழுக்கு அந்த மெத்தென்ற கனத்தைத் தருகிறது. அதைக் கரைத்துவிட்டால் குமிழ் லொடலொடத்துப் போகும்.

ஒரே ஒரு பீச்சு, அரை நொடி. ஸ்டீரியோ பாட்டில் இரண்டு அடுக்கு உண்டு, பின்னடுக்குக்குத் தனியாக ஒரு பீச்சு. உடனே கோடியிலிருந்து கோடிவரை 30, 40 முறை திருப்புங்கள். அழுக்கை எடுப்பது இந்தத் திருப்பல்தான். ஸ்பிரே அதை இளக்க மட்டுமே செய்கிறது. பிறகு இடைவெளி கீழே பார்க்கும்படி செட்டைச் சாய்த்து வடியவிட்டு, 2 மணி நேரம் காய்ந்தபின் கரண்ட் கொடுங்கள். பாட்டுக்குள் இருக்கும் கார்பன் தடத்துக்கு டீஆக்சிட் எஃப்5 ஸ்பிரே, சுவிட்ச் முனைகளுக்கு டீஆக்சிட் டி5 பொருத்தம். துருவை இளக்கும் வழக்கமான டபிள்யூடி-40 வேண்டாம். அது கிரீஸைக் கழுவிவிட்டு, தூசி பிடிக்கும் எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்லும்.

இரண்டு முறை சுத்தம் செய்தும் குறிப்பிட்ட ஒரே புள்ளியில் மட்டும் சத்தம் வந்தால் அங்கே கார்பன் தேய்ந்திருக்கிறது. பாட்டை மாற்றத்தான் வேண்டும்.

கே: குமிழ் இறுக்கமாக இருக்கிறது என்று தேங்காய் எண்ணெய் விட்டோம். சில நாள் நன்றாக இருந்தது; இப்போது காலையில் திருப்பவே முடியவில்லை. (குமுளி)

ப: தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழிக் காலையில் உங்கள் வீட்டு எண்ணெய்ப் பாட்டிலில் நடப்பதேதான் பாட்டுக்குள்ளும் நடக்கிறது. நாள்பட்டால் சிக்குப் பிடித்துப் பிசினாகவும் மாறும்.

நட்டைக் கழற்றிப் பாட்டை முன்பலகையிலிருந்து விடுவியுங்கள். தண்டு கீழே பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, தண்டும் பித்தளைக் கழுத்தும் சேரும் இடத்தில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் 3 சொட்டு. திருப்புங்கள், பஞ்சுக் குச்சியால் துடையுங்கள், மறுபடி விடுங்கள். குச்சி மஞ்சளாக வருவது நிற்கும்வரை தொடருங்கள். தண்டை மேலே பார்க்கும்படி வைத்தால் கரைந்த எண்ணெய் முழுக்கக் கார்பன் தடத்தில் போய் இறங்கும். கடைசியில் கடுகளவு கெட்டி கிரீஸ் கழுத்தில் மட்டும்.

கே: ஸ்பிரே அடித்தால் ஒரு வாரம் நன்றாக இருக்கிறது, மறுபடியும் கரகரப்பு. மூன்று முறை ஆயிற்று. (கம்பம்)

ப: நான்காவது முறை அடிக்காதீர்கள். பாட்டுக்கு முன்னால், ஒலியை மட்டும் விட்டு நேர்மின்சாரத்தை (டிசி) தடுக்கும் கப்ளிங் கண்டன்சர் கசிந்து அந்த டிசி உள்ளே வந்தால், எவ்வளவு சுத்தமான பாட்டும் கரகரக்கும். செட் ஓடும்போது பாட்டின் நடுக்காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே டிசி அளந்து பாருங்கள். சில மில்லிவோல்ட் பரவாயில்லை; நூறைத் தாண்டினால் கண்டன்சரை மாற்றுங்கள். அதே மைக்ரோஃபேரட், அதே அல்லது கூடுதல் வோல்ட், எலக்ட்ரோலிட்டிக் என்றால் பிளஸ், மைனஸ் மாறாமல். ஆனால் பல பழைய ரேடியோக்களில் ரேடியோ அலையிலிருந்து ஒலியைப் பிரிக்கும் டிடெக்டர் பகுதியின் லோடாகவே வால்யூம் பாட் இருக்கும். அங்கே டிசி இருப்பது இயல்பு.

புதுப் பாட் வாங்கும்போது எழுத்தைக் கவனியுங்கள். இப்போது கிடைப்பவற்றில் ஏ என்றால் லாக் (தொடக்கத்தில் மெதுவாகக் கூடுவது), பி என்றால் லீனியர் (ஒரே சீராகக் கூடுவது). பழைய ஐரோப்பியப் பாட்டில் ஏ என்றால் லீனியர். வால்யூமுக்கு லாக் வேண்டும். லீனியர் போட்டால் கால் திருப்பிலேயே அலறும்.

கே: வால்வு ரேடியோவின் பேக்லைட் குமிழைக் கழற்ற முடியவில்லை. ஸ்குரூ டிரைவரால் நெம்பலாமா? (களியக்காவிளை)

ப: நெம்பினால் குமிழும் உடையும், முன்பலகையும் தழும்பாகும். பக்கவாட்டில் மெழுகு அடைத்த சிறு துளை இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். அதற்குள் ஒரு திருகு ஒளிந்திருக்கும். திருகு இல்லையென்றால் நாடாவைக் குமிழுக்குப் பின்னால் சுற்றி நேராக இழுங்கள்.

அந்த மெழுகு அழகுக்காக வைத்தது அல்ல. ஏசி/டிசி இரண்டிலும் ஓடும் செட்களில் மெயின் வயரின் ஒரு முனை நேராகச் சேஸிஸில் (உள்ளே இருக்கும் உலோகச் சட்டத்தில்) இணைந்திருக்கும். இரண்டு பின் பிளக்கை மாற்றிச் செருகினால் சேஸிஸ், தண்டு, திருகு எல்லாவற்றிலும் லைன் கரண்ட் நிற்கும். குமிழ் இல்லாமல் ஒரு நிமிடம்கூட ஓட்டாதீர்கள். வேலை முடிந்ததும் துளையில் மெழுகுவத்தி உருக்கி அடையுங்கள்.

குமிழைக் கழுவ வெதுவெதுப்பான நீர், பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு, மெல்லிய பல்துலக்கி, ஐந்து நிமிடம் போதும். இரவு முழுக்க ஊறவைத்தால் பேக்லைட் மங்கும். வெள்ளைக் கோட்டின் மேல் தின்னர் பட்டால் கோடு போய்விடும்.

கே: நிலையம் தேடும்போது மட்டும் கரகரப்பு. நிலையம் மாற்றும் தகடு கண்டன்சரான கேங்கில் ஸ்பிரே அடிக்கலாமா? (கொல்லங்கோடு)

ப: தகடுகளில் ஒரு சொட்டும் படக்கூடாது. ஒரே இடத்தில் மட்டும் சத்தம் என்றால் தகடுகள் உரசுகின்றன. பிளேடு நுழைத்து மெதுவாக நிமிர்த்துங்கள். கோடித் தகடுகளில் வெட்டுவெட்டாக இருக்கும் பகுதிகளைத் தொடாதீர்கள், அவை டயல் எண்ணோடு ஒத்துவரக் கம்பெனியில் வளைத்துச் சரிசெய்தவை. டயல் முழுக்கச் சத்தம் என்றால் சுழலும் தண்டை அழுத்தும் ஸ்பிரிங் விரலில் அழுக்கு. பல்குச்சி நுனியில் ஒரு சொட்டு டி5 எடுத்து அங்கே மட்டும் வைத்து, இருபது முறை திருப்புங்கள். டயல் நூலில் கை எண்ணெய் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வழுக்க ஆரம்பித்துவிடும்.